ஒட்டடைக்கு விழுந்த அறை

மார்ச் 3, திங்கள்

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். சனிக்கிழமை முதல் நான் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போக வேண்டுமாம். யூனிஃபார்ம் கூடாதாம். போலீஸ் ஒருத்தருக்குப் பையன் ஒருத்தன் என்று ஜோடி சேர்த்துவிடுவார்களாம். சில்லறை விஷயங்களில் மாட்டி, எச்சரித்து விடப்பட்ட பிள்ளைகள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்து, பேசிப் பழகி, போலீஸைக் கண்டால் ஓடுகிற பயத்தைப் போக்க வேண்டுமாம். ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்கத்தான் சம்பளம் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சார் நான் என்று கேட்டேன். "உனக்குத்தான்மா வாய் இருக்கு. மத்தவங்களுக்கு லத்தி மட்டும்தான் இருக்கு" என்றார். பாராட்டா, திட்டா? ஏட்டு ஆன நாளிலிருந்து வேண்டாத வேலை எல்லாம் என் தலையில்தான் கட்டுகிறார்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எதற்கும் பிரேக் போட்டு யோசித்துத்தான் பேசுவார். அப்போ சனிக்கிழமை சமையல் யார் என்று மட்டும் கேட்டார். மகளின் காதில் ஹெட்போன். பதினாலு வயசு. கேட்டிருந்தாலும் கேட்காத மாதிரிதான் இருப்பாள்.

மார்ச் 8, சனி

முதுகு ஒடிந்துவிட்டது.

இந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர் ரிடையர்டு டீச்சர் ஒருத்தர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், இன்ஸ்பெக்டருக்கும். வந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சட்டம் படித்தார். இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டிப் போகக் கூடாது. கேஸைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அன்றோடு அவர்களுக்கு இங்கே இடமில்லை. கடைசியைச் சொல்லும்போது பையன்களைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்.

வேலை, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். பழைய பெயிண்டைத் தகட்டால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். ஜோடிக்கு ஒரு துண்டு சுவர். எனக்கு வாய்த்தவனை எல்லோரும் ஒட்டடை என்கிறார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரியேதான் இருக்கிறான், நெடுநெடுவென்று. பதினேழு வயசு. பாலத்தடியில் செல்போன் பறிக்கிற கும்பலுக்குத் தெருமுனையில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்துச் சொன்னவன். அந்தக் கும்பலின் தலைவனுக்கு வாத்து என்று பட்டப்பெயர். நடை அப்படி. ஆனால் அந்தப் பேரைச் சொல்லும்போது அந்தப் பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை.

மூன்று மணி நேரம் சுரண்டினோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "தள்ளுங்க."

மார்ச் 9, ஞாயிறு

கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. மகள் வாரிவிட்டாள். அதற்கு மட்டும் இந்த நிகழ்ச்சிக்கு நன்றி.

மார்ச் 22, சனி

இன்று வாயைத் திறந்தான். நேருக்கு நேர் உட்காரவைத்தால் இந்தப் பிள்ளைகள் பேசாது. இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றால் பேச்சு தானாக வருகிறது. விசாரணை அறையில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அவன் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஒருநாள் இவன் சாப்பாடு கொண்டுபோனபோது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு நோயாளி ஸ்ட்ரெச்சரோடு. எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, மெக்கானிக் ஒருத்தர் வந்து, ஒன்றும் பேசாமல் மேலே ஏறிப்போய் என்னமோ செய்து, அலுங்காமல் குலுங்காமல் கீழே இறக்கிவிட்டாராம். இவன் சாப்பாட்டைக் கொடுக்க மறந்து நின்றிருக்கிறான். அதுதான் வேண்டுமாம், அந்த வேலை. டீச்சர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பேசியிருக்கிறார். ஜூனில் சேர்த்துக்கொள்வார்கள், தங்க இடமும் தருவார்கள், வேறு ஊர். ஒரே நிபந்தனை, அவன் மேல் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது.

அவன் அவ்வளவு சொன்னதும் நானும் ஒன்றைச் சொல்லிவிட்டேன். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு டியூட்டியிலிருந்து அப்படியே யூனிஃபார்மில் போனது, இனிமேல் நீ ஸ்கூல் பக்கம் வராதே, அப்பாவை அனுப்பு என்று அவள் சொன்னது. என் வீட்டுக்காரரிடம்கூட அதை நான் முழுசாகச் சொல்லவில்லை. இவன் தகட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். பிறகு, "எங்கம்மா ஆஸ்பத்திரி டிரெஸ்லயே வருவாங்க. நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்" என்றான்.

மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தோம்.

மார்ச் 29, சனி

வெள்ளையடித்தாயிற்று. என் மூக்கில் பெயிண்ட் ஒட்டியிருந்ததைக் கடைசிவரை சொல்லாமல் இருந்துவிட்டு, கேட் தாண்டியதும் விழுந்து விழுந்து சிரித்தான். இவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. டீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு மெடல் கொடுத்த மாதிரி இருந்தது, வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

ரோந்தில் பாலத்தடி டீக்கடைப் பக்கம் போனேன். ஒட்டடை அங்கே நிறுத்தியிருந்த வண்டிகள் மேல் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் என்னைக் கண்டால் எழுந்து நழுவுகிற கூட்டம். இன்று நானே கிட்டப் போய், "டேய் ஒட்டடை, சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தலையில் ஒரு தட்டு தட்டினேன். உம் என்றான். சனிக்கிழமைச் சிரிப்பு இல்லை, கூச்சம் போல. பரவாயில்லை. யூனிஃபார்மில் இருக்கிற என் பக்கத்தில் அவன் ஓடாமல் உட்கார்ந்திருந்தானே, அது போதும். இதற்காகத்தானே இந்த நிகழ்ச்சியே.

சாயங்காலம் குற்றப்பிரிவுக்காரர்கள் பாலத்துக்குப் பின்னால் இருக்கிற கிடங்கில் புகுந்து இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். மூட்டையாகச் செல்போன்கள். வாத்து மட்டும் தப்பிவிட்டான். யாரோ பல நாளாகத் துப்பு கொடுத்தார்களாம். எங்களுக்கு அதில் சம்பந்தமில்லை, வயர்லெஸ்ஸில் கேட்டதோடு சரி.

ஏப்ரல் 5, சனி

ஒட்டடை வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் பின்வாசலில் ஒரு பெண் நின்றாள். ஆஸ்பத்திரி நீலச் சேலை. ஒட்டடையின் அம்மா என்று சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், டம்ளரை வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் இடது சுண்டுவிரலை ஒடித்துவிட்டார்களாம். வாத்தின் ஆட்கள். காலையில் போலீஸ் வந்து இவன் தலையைத் தடவிவிட்டுப் போகிறது, சாயங்காலம் கிடங்கு மாட்டுகிறது. வேறு யார் காட்டிக் கொடுத்திருப்பார்கள்? அவர்களுக்குக் கணக்கு சரியாகத்தானே வருகிறது? வாத்து ஒளிந்திருக்கிற இடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறான், நான் வந்து நேரில் விசாரிக்கிறேன், அதுவரை இவன் தெருவை விட்டு எங்கும் போகக் கூடாது என்று. விரல் வெறும் முன்பணம்தானாம்.

"நீங்க சாப்பிட்டியான்னு கேட்டீங்களாம்" என்றாள். "எங்க தெருவுல போலீஸு யாரையும் சாப்பிட்டியான்னு கேக்காதும்மா."

ஐயோ. பதினைந்து வருஷ சர்வீஸ். துப்பு கொடுக்கிறவனை நடுத்தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று புது கான்ஸ்டபிளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். துப்பே கொடுக்காத ஒருத்தனைத் துப்பு கொடுத்தவனாக ஆக்கிவிட்டேன். பாசத்தில்! அன்பாகத் தட்டினேனாம், அன்பாக!

வாத்து மேல் புகார் எழுது, நான் இருக்கிறேன் என்றேன். எழுதினால் இவன் சாட்சி, கேஸில் பேர் ஏறும், லிஃப்ட் வேலை போய்விடும், அதன் பிறகும் நாங்கள் அதே தெருவில்தானே இருக்க வேண்டும் என்றாள். வேறு ஊருக்கு அனுப்பு என்றேன். இப்போது ஓடினால் செய்தது அவன்தான் என்று ஆகிவிடும், அம்மா ஒருத்தி இங்கே இருக்கிறேனே என்றாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். என்னிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அவன அடிங்க. எல்லாரும் பாக்க அடிங்க. பெத்தவ நானே கேக்கறேன்."

ஏப்ரல் 7, திங்கள்

ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் அவனைப் பார்த்தேன். போர்வைகள் காயப்போட்டிருக்கிற இடம், வெளியிலிருந்து தெரியாது. விரலில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மன்னிச்சிடுடா என்றேன். அதெல்லாம் விடுங்க ஏட்டம்மா என்றான். மைதானத்தில் கூப்பிட்ட மேடம் போய், உரிமையாக ஏட்டம்மா வந்துவிட்டது.

அம்மா சொன்னதையே அவனும் சொன்னான். ஒரு அடி, டீக்கடை முன்னால், அவர்கள் ஆட்கள் பார்க்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகக் கூடாது, கேஸ் கூடாது, அடி மட்டும். எனக்குக் கோபம் வந்தது. மைனர் பையன்டா நீ, எல்லார் கையிலும் கேமரா இருக்கு, என் வேலை போயிடும், டீச்சர் என் மூஞ்சியில முழிப்பாங்களா என்று படபடவென்று பொரிந்தேன். அவன் காயப்போட்ட போர்வையின் ஓரத்தைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் போவது என் வேலை, என் மூஞ்சி. அவனுக்குப் போவது உயிர். அது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். அடிக்க மாட்டேன். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்துவேன். வாராவாரம் உன்னை நைச்சியமா கூப்பிட்டு, பேரைச் சொல்லி, தலையைத் தடவிக் கேக்கறேன், இதுவரை ஒரு வார்த்தை வாயைத் திறந்தியா என்று. அப்போது அன்று தட்டினதுக்கும் காரணம் ஆகிவிடும், இவன் ஒன்றுமே சொல்லவில்லை என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். எனக்கே என் மூளையை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

"பேச்சுல நம்ப மாட்டாங்க" என்றான்.

நம்புகிற மாதிரி பேசுவேன் என்றேன். அவன் தலையாட்டினான். ஆனால் சரி என்று சொல்லவில்லை. இப்போதுதான் அது ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளைக்கு.

ஏப்ரல் 9, புதன்

அடித்துவிட்டேன்.

அடிக்க மாட்டேன் என்றுதான் போனேன். டீக்கடை முன்னால் கூட்டம். வாத்தின் ஆட்கள் மூன்று பேர், ஒருத்தன் வண்டி மேல் கால் நீட்டிப் படுத்திருந்தான். ஒட்டடை ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தான், யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். சொல்ல நினைத்ததை எல்லாம் சொன்னேன். "எத்தன தடவ கேட்டேன்? அன்னிக்குக்கூட நாய்க்குட்டிய தடவற மாதிரி தடவிக் கேட்டேனே, ஒரு வார்த்த சொன்னியாடா? வாயில என்ன பூட்டா?" டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்தேன். நம்பவில்லை. படுத்திருந்தவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

அப்போதுதான் ஒட்டடை என் கையைத் தட்டிவிட்டான். என் முகத்துக்கு நேரே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"ஒம் பொண்ணே ஒன்ன ஸ்கூல் பக்கம் வராதேங்கறா. பெத்த பொண்ணு மதிக்கல. நீ என்ன மெரட்ட வந்துட்டியா?"

அறைந்தேன். கை தானாகப் போனது என்று எழுதலாம். பொய். நான்தான் அறைந்தேன், முழு பலத்தோடு. வண்டி மேல் போய் விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி நடந்து வந்துவிட்டேன், முதுகுக்குப் பின்னால் கேமராக்கள்.

என்னை அடிக்க வைப்பதற்காகச் சொன்னானா? இல்லை, விரல் ஒடிந்த ஆத்திரத்தில் மனசிலிருந்ததையே சொன்னானா? சுவரைப் பார்த்து நின்று அவனை நம்பிச் சொன்னது அது. அதைத் தேடி எடுத்து, சரியாக அந்த இடத்தில் குத்தினான். யாருக்கும் தெரியாத இடம்.

கை இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. "நண்பன் என்று கூப்பிட்டு அறையும் போலீஸ்" என்று தலைப்பு வேறு. அவன் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் தெளிவாகக் கேட்கிறது.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அடித்ததைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "அத போய் அவன்கிட்ட சொன்னியாம்மா?" என்றாள். கிளாஸில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்களாம், பெத்த அம்மாவை மதிக்காத பொண்ணு இவள்தான் என்று. கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் நடந்தது முழுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற மாதிரி இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. பாப்பாகிட்டகூட. சின்னப் பிள்ளை, தோழிகிட்ட சொல்லும். அது அங்க போய்ச் சேரும்" என்றார். தெரியும். சொன்னால் என் பேர் தேறும், அவன் உயிர் போய்விடும்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒட்டடையின் அம்மா ஸ்டேஷன் வாசலுக்கு வந்தாள். வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். எம்புள்ள மேல கை வச்சியே, நீ நல்லா இருப்பியா, உன் வயிறு எரியாதா என்று. தெருவே திரண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பின்வாசலில் வந்து கெஞ்சிய அதே பெண். கூட்டத்தில் வாத்தின் ஆள் ஒருத்தனும் நின்று வேடிக்கை பார்த்தான், அதனால் இப்படிக் கத்துகிறாள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. கிழிந்த உதட்டை நேரில் பார்த்தவள். நடிப்பு எங்கே முடிகிறது, நிஜம் எங்கே ஆரம்பிக்கிறது, அவளுக்கே தெரியுமோ என்னவோ.

இன்ஸ்பெக்டர் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "கோபத்தில் அடித்துவிட்டேன். வேறு காரணம் இல்லை." படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் சார் என்றேன். ஒரு விதத்தில் அது சத்தியம்.

ஏப்ரல் 12, சனி

வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் கால் மைதானத்துக்குப் போய்விட்டது. டீச்சர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை. இன்று நாலு பையன்கள் வரவில்லை, எப்படிக் கூப்பிடுவேன், என்ன முகத்தோடு அவங்க வாசல்ல போய் நிப்பேன் என்று என்னிடமே கேட்டார். வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. டீச்சர், அப்படி இல்லை டீச்சர் என்று... விழுங்கிக்கொண்டேன். அவர் நல்லவர். நல்லவர்கள் மற்றவர்களைக் காப்பாற்ற நாலு பேரிடம் எடுத்துச் சொல்லுவார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வயர்லெஸ் அறையில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. நான் யூனிஃபார்மோடு தெருவில் தெரியக் கூடாதாம். வாய் இருக்கிறது என்று அனுப்பினவர்களே இப்போது காதுக்கு மட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

வாத்து திரும்பி வந்துவிட்டான் என்று ரோந்துக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். என்ன செய்தான், யாரை விசாரித்தான்? கேட்டால் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு அழைப்பு வரும்போதும், கத்திக்குத்து, ஆண், இளவயது என்று வந்துவிடுமோ என்று காதை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் கேட்பதுதானே என் வேலை.

ஏப்ரல் 19, சனி

ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்பதை ஒரு செய்தியாக எழுதி வைக்கிற நிலைமை.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை. தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். டீச்சர், ஒட்டடை, அவன் அம்மா. அவனை அன்றைக்கப்புறம் இன்றுதான் பார்க்கிறேன். முழுசாக இருக்கிறான். உதடு ஆறிவிட்டது. அந்த நிம்மதியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

துணைக்கு வந்த சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு கதவோரம் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் வண்டி மேல் படுத்திருந்தவன். ஆக, இன்னும் முழுசாக நம்பவில்லை. ஒட்டடை என்ன சொல்கிறான் என்று கேட்டுப்போக ஆள் அனுப்பியிருக்கிறான் வாத்து.

அதிகாரி நல்லபடியாகத்தான் கேட்டார். மைதானத்தில் இந்த அம்மா உன்னிடம் எப்படி நடந்துகொண்டார்கள், ஒரு தடவையாவது அன்பாகப் பேசியிருக்கிறார்களா என்று. ஒட்டடை என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "ஆரம்பத்துலேர்ந்தே இவங்கள பிடிக்காது சார். எல்லாம் நடிப்பு. துப்பு வாங்கத்தான் சிரிச்சாங்க." டீச்சர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். கதவோரத்து ஆள் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டான். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

பிழைத்துக்கொண்டான். என் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு அவன் கண் ஞாபகம் வந்தது. இமைகூட அசையவில்லை. அவன் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தேன். அடிக்க மாட்டேன் என்று வாக்கு கொடுத்தவள் ஆத்திரத்தில் அறைந்தாள், நடிப்புக்கு அவ்வளவு பலம் வேண்டியதில்லை. அது அவன் கன்னத்துக்குத் தெரியாதா? இவங்களும் எல்லாப் போலீஸ் மாதிரிதான் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணியிருந்தால்? இன்று சொன்னது அத்தனையும் அவன் மனசறிந்து சொன்னதாக இருந்தால்? கேட்கவும் முடியாது. இனி அவன் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க முடியாது.

பதவி உயர்வு போயிற்று. எச்சரிக்கையோடு விட்டார்கள். மைதானத்துப் பையன்களை விடுகிற மாதிரியே.

மே 6, செவ்வாய்

லிஃப்ட் கம்பெனி அவன் மேல் கேஸ் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறது. காகிதம் இன்ஸ்பெக்டர் மேஜையில் ஒரு வாரமாகக் கிடக்கிறது என்று எழுத்தர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் போய்க் கேட்டால் வம்பு. கேட்காவிட்டால் ஜூன் போய்விடும். மத்தியானம் போய் நின்றேன். என்னம்மா என்றார். சார், அந்தக் காகிதம் என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பையன் மேல நம்மகிட்ட கேஸ் எதுவும் இல்லையே?"

"இல்ல சார்."

"அடி மட்டும்தான்."

கையெழுத்துப் போட்டார். போ என்றார். மனுஷனுக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்தும் கேட்காமலே இருந்தாரா? முதல் தடவையாக இந்த ஆளுக்கு நான் மனசாரச் சல்யூட் அடித்தேன்.

மே 17, சனி

மகள் சமையலறைக்கு வந்து நின்றாள். ஒரு மாதமாக அப்பா மூலமாகத்தான் பேச்சு. சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அவன் என்ன பத்தி சொன்னதுக்காகவா அடிச்சே?"

ஆமா என்றேன். அதுக்குத்தான் அடிச்சேன், அடிச்சிருக்கக் கூடாது என்றேன். அவள் அழுதாள். அவன் சொன்னது நிஜம்தானே, நான்தானே வராதேன்னு சொன்னேன் என்றாள். கட்டிக்கொண்டேன். மீதியைச் சொல்லவில்லை. சொல்லத் துடித்த நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். பெரியவளானதும் சொல்கிறேன்டி. இப்போது கெட்ட அம்மாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் 2, திங்கள்

இவர் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். காலை முதல் நடையில் இவர் பஸ்ஸில் ஒட்டடையும், அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர அவன் அம்மாவும் ஏறினார்களாம், கையில் ஒரு பை. இவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசி நிறுத்தத்தில் வெளியூர் பஸ்ஸுக்கு மாறினார்களாம். விரல் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது என்றார். அவன் ஏதாவது பேசினானா என்று கேட்டேன். டிரைவர் சீட்டுக்கு என்ன கேக்கும், ஹாரன்தான் கேக்கும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தான் என்று சேர்த்துச் சொன்னார்.

போய்விட்டான். தப்பித்துவிட்டான். எனக்கு அது போதும் என்று இருக்க வேண்டும். இருக்க மாட்டேன் என்கிறது மனசு. என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனான்?

ஜூன் 11, புதன்

வயர்லெஸ் அறையில் இருக்கும்போது ஃபோன் வந்தது. தெரியாத நம்பர். ஒரு ஆண் குரல், லிஃப்ட் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, அவன் நிஜப் பேரைச் சொன்னது. போச்சு என்று நினைத்தேன். விழுந்துவிட்டான். எங்கோ உயரத்திலிருந்து விழுந்துவிட்டான். வாத்து அங்கேயும் ஆள் அனுப்பிவிட்டான். ஒரு நொடியில் என்னென்னவோ ஓடிற்று. என்னாச்சு, என்னாச்சு அவனுக்கு என்று கத்தியிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கான், கை சுத்தம், ஆள் கொஞ்சம் பேச மாட்டேங்கறான், அவ்வளவுதான் என்றார் அந்த மனுஷர். பயிற்சி கொடுக்கிறவராம். உயரத்தில் செய்கிற வேலை என்பதால், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு பேரைக் கேட்டு வைத்துக்கொள்வார்களாம். நம்பர் சரிதானா என்று பார்க்கத்தான் கூப்பிட்டாராம்.

"அவங்க அம்மா வார்டுல இருந்தா ஃபோன் எடுக்க மாட்டாங்களாம். வேற யாருப்பான்னேன். யோசிக்கவே இல்லைங்க, உங்க நம்பரத்தான் சொன்னான், மனப்பாடமா. என்ன உறவுன்னு கேட்டதுக்குச் சித்தின்னான். சித்திதானே நீங்க?"

ஹலோ ஹலோ என்கிறார்.

"ஆமாங்க" என்றேன். "சித்திதான்."

ஃபோனை வைத்த பிறகு, ஏம்மா, வயர்லெஸ்ஸில் உங்களை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதில் கொடுத்தேன்.